நாக்கின் நிறை

திணிவு வேறு, நிறை வேறு.
ஒன்பதாம் ஆண்டுக்கு மூன்றாவது தரமாகச் சொன்னேன்.
திணிவு எங்கே போனாலும் கூடவே வரும்.
நிறை என்பது பூமி உன்னைப் பிடித்திழுக்கிற அளவு.
கடைசி வாங்கிலிருந்து யதுர்சன் கேட்டான்:
"அப்ப டீச்சர், விண்வெளியிலை குறட்டை வருமோ?"
வகுப்பே சிரித்தது.
நான் கரும்பலகையைத் துடைத்தேன்,
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இவர் குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக்.
இருபது வருடமாகக் கொம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று
அதன் பாஷையைப் படித்துவிட்டார்.
பத்து மணிக்கு மல்லாந்தால்
நுளம்பு வலை மேலெழுந்து கீழிறங்கும்.
பக்கத்து வீட்டு எமில்டா காலையில் கேட்பாள்,
"ராத்திரி உங்கட மோட்டர் நிக்கவே இல்லையோ?"

நின்றது எமில்டா.
அதுதான் கதை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இரவு படுக்க வைத்து
தலையில் வயர் ஒட்டிப் பார்த்துச் சொன்னார்கள்:
மணித்தியாலத்துக்கு முப்பத்தொரு தரம் மூச்சு நிற்குதாம்.
நாக்கு பின்னுக்கு விழுந்து வழியை மூடுதாம்.
மெஷின் ஒன்று இருக்கு, விலையும் இருக்கு.
அதுவரைக்கும் சரிஞ்சு படுக்கச் சொல்லுங்கோ.

மகனின் டெனிஸ் பந்தை எடுத்து
பழைய பெனியனின் முதுகில் பை வைத்துத் தைத்தேன்.
மல்லாந்தால் குத்தும், திரும்புவார் என்று.
பந்தின் மேலேயே படுத்தார்.
ஞாயிற்றுக்கிழமை பந்தைக் கேட்டு அழுதான் மகன்.

யதுர்சனுக்காகத்தான் தேடி வாசித்தேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கே மேல் இல்லை, கீழ் இல்லை.
சுவரில் கட்டிய பைக்குள் நின்றபடியோ கிடந்தபடியோ
(இரண்டும் ஒன்றுதான்) நித்திரை கொள்கிறார்கள்.
கைகள் தாமாக எழுந்து முன்னால் மிதக்கும்,
இருட்டில் சுவிட்சைத் தடவுகிறவர் மாதிரி.
முகத்துக்கு நேரே காற்றாடி ஓடவேணும்,
இல்லாவிட்டால் விட்ட மூச்சு விலகத் தெரியாமல்
மூக்கடியிலேயே கூடி நிற்கும்.
காலில் இருக்கவேண்டிய நீர் முகத்துக்கு ஏறி
தடிமன் பிடித்ததுபோல் மூக்கடைக்கும்.
ஒரு நாளைக்குப் பதினாறு விடியல்.
ஆறு மணித்தியாலம் தூங்கினால் பெரிய காரியம்,
அதற்கும் சிலருக்குக் குளிசை.

ஆனால் குறட்டை?
அநேகமாக இல்லை.
நாக்குக்கு விழ ஒரு திசை வேணுமே.

அன்றிரவு அவரை அங்கே அனுப்பிப் பார்த்தேன்.
சாரத்தோடு, பந்து தைத்த பெனியனோடு,
கிறீஸ் போகாத விரல்கள் முன்னால் மிதக்க
சுவரில் கட்டி வைத்தேன் என் மரியநேசனை.
சத்தமே இல்லை.
எவ்வளவு நல்ல நித்திரை!
மூன்று நிமிடம்கூட எனக்குத் தாங்கவில்லை.
எதைக் கேட்டு நான் கண்ணை மூடுவது?

விடிய நாலே முக்காலுக்கு
அது எங்கள் ஊருக்கு மேலால் போகுமென்று போனில் இருந்தது.
முத்தத்தில் இறங்கி நின்றேன்.
மண்டைதீவுப் பக்கம் வாடைக்காற்று.
பூமியின் நிழலுக்குள்ளிருந்து
யாரோ லைற்றைப் போட்டதுபோல் ஒரு புள்ளி,
மினுக்காமல், சத்தமில்லாமல்,
வேலைக்குப் பிந்தினவர் நடையில் கிழக்கே போனது.
அதற்குள் ஒருவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கலாம்.
அவர் மூச்சை யார் எண்ணுகிறார்?

வீட்டுக்குள் மோட்டர் நின்றது.

ஏழு. எட்டு.
நான் ஆகாயத்தைப் பார்த்தபடியே நின்றேன்.
பதின்மூன்று.
ஒரு செருப்பு கழன்றுவிட்டது.
பத்தொன்பது. இருபது

பிறகு கொக்கி மாட்டி இழுத்த ஐஸ் கட்டி
சீமெந்தில் உரசுகிற அந்தச் சத்தம்.
பூமி திரும்பப் பிடித்துக்கொண்டது.

புள்ளியைக் காணவில்லை.
தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன்.
யதுர்சனுக்கு இன்றைக்குப் பதில் சொல்லவேணும்:
வராது தம்பி.
அங்கே நாக்குக்கு நிறை இல்லை.
திணிவு மட்டும் அப்படியே இருக்கும்.
சோதனையில் கேட்டால் இவ்வளவும் எழுது, போதும்.